கல்லைப் பார்க்காமல் கிரயம் வேண்டாம்

தமிழ்நாட்டில் வீடோ மனையோ வாங்கும் குடும்பம் செய்கிற வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. மூலப்பத்திரம் கேட்கிறார்கள், வில்லங்கச் சான்று போடுகிறார்கள், வக்கீலிடம் ஒப்பீனியன் வாங்குகிறார்கள், வங்கிக்கு நடையாய் நடக்கிறார்கள், நல்ல நாள் பார்த்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைக்கிறார்கள். இத்தனை கட்டங்களைத் தாண்டியும், அந்த மண்ணில் ஒருவரும் அளவு நாடாவை விரித்திருக்க மாட்டார்கள். பத்திரத்தில் எழுதிய அகலம் தரையில் இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறதா இந்தப் பக்கம் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கடமை, இந்த வரிசையில் எவருக்கும் விதிக்கப்படவில்லை. வாழ்நாள் சேமிப்பையும் இருபது வருடக் கடனையும் கொட்டி வாங்கும் சொத்தில் இப்படியொரு ஓட்டை இருப்பதைப் பற்றி இனியும் மென்மையாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

யார் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். வக்கீல் பார்ப்பது காகிதங்களை. உரிமை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சரியாக வந்திருக்கிறதா என்பதுதான் அவர் வேலை. வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் தரத்தையும் சந்தை விலையையும் குறிக்கிறார். சர்வே கல்லைத் தேடி எடுத்து அங்கிருந்து அளப்பது அவருடைய பணியில் இல்லை. வங்கியே கடன் கொடுத்துவிட்டதே, பிறகென்ன பயம் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். வங்கிக்கு வேண்டியது கடனுக்கு ஈடான மதிப்பு. ஒரு அடி குறைந்தாலும் அந்த ஈடு அப்படியேதான் இருக்கும். குறைவது வாங்கியவரின் நிலம். சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிகிறார், அவ்வளவுதான். சொத்தின் புகைப்படத்தையும் ஆவணத்தோடு இணைக்கச் சொல்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் படத்தில் தெரியும் சுவர் யார் நிலத்தில் நிற்கிறது என்று புகைப்படம் சொல்லாது. உட்பிரிவு தேவைப்படாத சொத்துகளுக்குப் பத்திரம் பதிவானதும் பட்டாவும் தானாக மாறிவிடுகிறது. அலைச்சல் குறைந்தது உண்மை. கூடவே, ஒரு அதிகாரிகூட நிலத்தில் கால் வைக்காமல் விற்பனை முழுவதும் முடிந்துவிடும் நிலையும் வந்துவிட்டது.

ஒரு கிரவுண்டு மனை, 40 அடிக்கு 60 அடி. அறுபதடிப் பக்கம் முழுக்க ஒரே ஒரு அடி உள்ளே வந்து பக்கத்துக்காரரின் காம்பவுண்டு நின்றால் போனது 60 சதுர அடி. சதுர அடி 5,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இழப்பு அந்தப் பணத்தோடு நிற்பதும் இல்லை. கட்டட வரைபட அனுமதிக்குப் போகும்போது பக்கவாட்டில் விடவேண்டிய இடம் போதாமல் போகும். கட்டடத்தைச் சுருக்க வேண்டிவரும், அல்லது விதிமீறலாகக் கட்ட வேண்டிவரும். பிற்பாடு விற்கப் போனால், விவரம் தெரிந்து அளக்கிற ஒருவர் வந்து விலையைக் குறைப்பார்.

இதற்கெல்லாம் மேலே இருக்கிறது காலக்கெடு. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 65-ஆவது உறுப்பின்படி, தனியார் நிலத்தை ஒருவர் உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் தன் அனுபவத்தில் வைத்திருந்தால், அதை மீட்கும் வழக்குக்கான காலம் முடிந்துவிடுகிறது. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி அத்தோடு உரிமையாளரின் உரிமையே அற்றுப்போகிறது. எதிரிடை அனுபவம் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அறியாத விஷயம் ஒன்று இதில் உண்டு: சொத்து கைமாறினால் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. வாதி என்ற சொல்லுக்கு, அவர் யாரிடமிருந்து உரிமை பெற்றாரோ அவரும் அடக்கம் என்று அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது. விற்றவர் காலத்தில் பத்து ஆண்டுகள் ஓடியிருந்தால், வாங்கியவருக்கு மிச்சம் இரண்டே ஆண்டுகள். வீட்டோடு சேர்த்து அந்தக் கெடுவையும் கிரயம் வாங்குகிறோம். அதற்கு எந்தப் பத்திரத்திலும் குறிப்பு இருக்காது, வில்லங்கச் சான்றிலும் வராது.

இந்தச் சட்டம் நேர்மையான உரிமையாளருக்கு மிகக் கடுமையானது, இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2008-இல் ஹேமாஜி வாகாஜி வழக்கில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொன்னது. மாற்றம் வரவில்லை. மாறாக, எதிரிடை அனுபவத்தை எதிர்வாதமாக மட்டுமல்ல, தானே வழக்குத் தொடுத்து உரிமை கோரவும் பயன்படுத்தலாம் என்று 2019-இல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-இல் சட்ட ஆணையம் தன் 280-ஆவது அறிக்கையில், இந்தச் சட்டத்தில் மாற்றம் தேவையில்லை என்று கூறிவிட்டது. வெறுமனே நெடுங்காலம் இருந்ததால் மட்டும் உரிமை வந்துவிடாது, எதிரிடை நோக்கத்தை நிரூபிக்கும் சுமை ஆக்கிரமித்தவர் மேல்தான் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதை நீதிமன்றத்தில் வாதாடி முடிப்பதற்குள் வாங்கியவரின் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள். தக்‌ஷ் அமைப்பின் 2016-ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டின் சிவில் வழக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலம், சொத்து சம்பந்தப்பட்டவை. அந்தக் கூட்டத்தில்தான் ஒரு அடிச் சுவருக்கான வழக்கும் வரிசையில் நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் நிலம் திருடுகிறவர்கள் என்று நாம் சொல்லவில்லை. எல்லை தவறியதற்குக் காரணம் பல இடங்களில் பேராசையே அல்ல. தெருவுக்குத் தார் போடும்போது சர்வே கல் புதைந்துபோகிறது. மேஸ்திரி பழைய வேலிக்கால்களுக்கு நூல் பிடித்து அஸ்திவாரம் தோண்டிவிடுகிறார். பழைய பத்திரத்தில் அளவு லிங்க்ஸிலும் அடியிலும் இருக்கிறது, புதிய வரைபடத்தில் மீட்டரில் இருக்கிறது. மாற்றும்போது சில அங்குலம் நழுவுகிறது. கும்பகோணம் போன்ற ஊர்களின் பழைய தெருவீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றுதான். ஒருவர் இடித்துக் கட்டும்போதுதான் அந்தச் சுவரில் பாதி யாருடையது என்ற கேள்வியே பிறக்கிறது. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்னும் நிலவுடமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நுழைந்த பிழைகளுக்காக இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் மனுவோடு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பேர் பிழை, பரப்புப் பிழை, உட்பிரிவு எண் இடம் மாறியது என்று அதில் பல ரகம்.

இவற்றிலெல்லாம் மோசமானது புறநகர் லேஅவுட்டுகளின் கதை. பழைய அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகள் பலவற்றில் ஏழெட்டு ஏக்கர் வயலை வாங்கியவர் ஒரு வரைபடம் வரைந்து, கருங்கல்லை நட்டு, சுண்ணாம்பு அடித்து, எண் எழுதி விற்றுவிட்டுப் போனார். வருவாய்த்துறையின் பார்வையில் அது இன்னமும் ஒரே சர்வே எண், கூட்டுப் பட்டா. எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படத்தில் அந்த வயலின் வெளி எல்லை மட்டுமே இருக்கும். உங்கள் 17-ஆம் எண் மனைக்கும் பக்கத்து 18-ஆம் எண் மனைக்கும் நடுவே உள்ள கோடு அரசின் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அரசு நில அளவரே வந்தாலும் வெளிக்கோட்டைத்தான் காட்ட முடியும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. பலர் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். வரன்முறை கிடைத்தால் எல்லையும் உறுதியாகிவிட்டது என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த ஆணை மனைப்பிரிவுக்கான அனுமதி; உங்கள் மனையின் நான்கு மூலைகளுக்கும் அது கல் நட்டுத் தருவதில்லை. ஓரத்து மனைக்காரர் அரை அடி தள்ளிக் கட்டினால், பக்கத்தவர் அதோடு தன் பங்குக்கும் அரை அடி சேர்த்து அடுத்தவர் தலையில் தள்ள, வரிசையின் கடைசி மனையில் நாலு அடி காணாமல் போயிருக்கும். அந்தக் கடைசி மனைதான் பெரும்பாலும் சொந்தக்காரர் வெளியூரில் இருப்பதால் கட்டாமல் கிடந்து, இப்போது விற்பனைக்கு வருகிறது.

பிறகு தெரிந்தால் விற்றவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்பவர்கள் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தைப் படிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 55-ஆவது பிரிவு. கண்முன்னே நிற்கும் சுவரைக் காட்டி, ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்று அவர் கைகழுவ முயல்வார். அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவின் விளக்கமோ, ஒரு சொத்து யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவருக்கு அதில் உள்ள உரிமை, வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. பக்கத்துக்காரரின் தென்னை மரமும் குளியலறையும் உங்கள் கோட்டுக்குள் நின்றால், அது உங்களுக்கு முன்னமே தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்திரத்தில் எழுதிய பரப்புக்கும் நான்கு எல்லைக்கும் முரண் வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கு எல்லையைத்தான் நம்புகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2,400 சதுர அடி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது மட்டும் காப்பாற்றாது.

ஆகவே அளக்கும் நேரம் கிரய ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவே உள்ள நேரம்தான். அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுத வேண்டும்: விற்பவர் தன் பெயரில் விண்ணப்பித்து, அரசு நில அளவரைக் கொண்டு அளந்து, நான்கு மூலையிலும் கல் காட்ட வேண்டும், அளவு குறைந்தால் விலை குறையும், அல்லது அட்வான்ஸ் முழுவதும் திரும்பும். நில அளவைக்கு இப்போது இணையவழியிலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். அளக்கிற நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருப்பது முக்கியம். அறிவிப்பு அவர்களுக்கும் போக வேண்டும். அவர்கள் இல்லாமல் அளந்த அளவு, நாளைக்குத் தகராறில் பாதி மதிப்பை இழந்துவிடும். தரகர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். ‘பார்ட்டி மனசு மாறிடுவாரு சார், வேற ஆள் காத்திருக்காங்க’ என்பார்கள். அளக்கச் சொன்னதற்காக மனம் மாறுகிற விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே அந்தக் குடும்பத்துக்கு நடந்த நல்ல காரியம்.

அளந்து பார்த்தபின் சுவர் உள்ளே வந்திருப்பது தெரிந்தால் என்ன செய்வது? அதைத் தீர்க்க வேண்டியவர் விற்பவர். உரிமை இன்னமும் அவர் பெயரில் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு இத்தனை வருடம் பழகியவரும் அவர்தான். நேற்று வந்த புதியவர் போய் ‘உங்கள் சுவரை இடியுங்கள்’ என்பதற்கும், இருபது வருடம் விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் வந்துபோன அண்ணாச்சி போய்ப் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. கிரயம் முடிந்த மறுநாள் அந்த அண்ணாச்சிக்கு இதில் அக்கறை இருக்காது. மிச்சப் பணம் உங்கள் கையில் இருக்கிறவரை மட்டுமே இருக்கும்.

பேசி முடிக்கிற வழிகள் உண்டு. சுவர் தகரமோ ஒற்றைக்கல் கட்டோ என்றால் எடுத்து நேராகக் கட்டிக்கொள்ளலாம், செலவைப் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். வீட்டுச் சுவரே நிற்கிறது, இடிக்க முடியாது என்றால் அந்தத் துண்டை அவருக்கே விற்றுவிடலாம், அல்லது பின்புறத்தில் அதே அளவு நிலம் வாங்கிக்கொண்டு பரிவர்த்தனை செய்துகொள்ளலாம். எதுவானாலும் பதிவு செய்த பத்திரம் வேண்டும். 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்த நிலமும் பதிவில்லாமல் கைமாறாது. 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அந்த நிலத்தை யாருக்கும் மாற்றித் தராது. பத்திரத்துக்குப் பின் உட்பிரிவு செய்து பட்டாவிலும் புலப்படத்திலும் ஏற்ற வேண்டும். இரண்டில் எந்த வீட்டின் மீதாவது கடன் இருந்தால் அந்த வங்கியின் சம்மதமும் தேவை. இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், தரையில் உண்மையாக இருக்கும் அளவை மட்டும் பத்திரத்தில் எழுதி, அதற்கு மட்டும் விலை கொடுத்து வாங்குவது நேர்மையான வழி.

‘அவர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அனுமதித்ததாக எழுதி வாங்கிக்கொள்வோம்’ என்பது இன்னொரு வழி. அனுமதியின் பேரில் இருப்பவர் எதிரிடை அனுபவம் கோர முடியாது என்பதால் இதில் பலன் உண்டு. ஆனால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவை மறந்துவிடக் கூடாது. அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் எழுப்பிவிட்டால், அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அனுமதி எழுதும்போது புதிதாக எதையும் கட்டக் கூடாது என்பதையும் எழுத வேண்டும்.

நீங்கள் வாங்கும் வீடே பக்கத்து நிலத்தில் கால் வைத்திருக்கலாம். சன்ஷேடு நீட்டிக்கொண்டிருக்கும், மாடிப்படி இறங்கியிருக்கும், செப்டிக் டேங்க் கோட்டைத் தாண்டியிருக்கும். பக்கத்துக்காரர் இன்றைக்குச் சும்மா இருக்கிறார் என்பதற்காக நாளைக்கும் இருப்பார் என்று பொருளில்லை. அவர் வீட்டை இடித்துக் கட்டும் நாளில் உங்கள் படிக்கட்டுக்கு நோட்டீஸ் வரும். அந்தப் பக்கம் இருப்பது வாய்க்கால் புறம்போக்கோ அரசின் பொதுப்பாதையோ என்றால் சமரசம் பேசவே ஆள் கிடையாது. அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. முதல் வேலை, இன்றைக்கே அளப்பது. எத்தனை ஆண்டு ஓடிவிட்டது என்று விசாரிப்பது. பேச்சு முறிந்தால் நீதிமன்றம்தான் போக வேண்டும். அங்கே வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்டு வழக்குப் போடுவது பலர் செய்யும் பிழை. உரிமையே தகராறில் இருந்து, இடமும் அடுத்தவர் கையில் இருந்தால், உரிமை விளம்புகையும் சுவாதீனமும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று 2008-இல் அனத்துலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, நில அளவரோடு அளந்து அறிக்கை தரச் சொல்லி ஆரம்பத்திலேயே மனுப் போட வேண்டும். லோக் அதாலத்தில் முடிந்தால் இன்னும் நல்லது: நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமான முடிவு, மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ராத்திரியோடு ராத்திரியாக ஜே.சி.பி. வைத்துச் சுவரைத் தள்ளுவது மட்டும் வேண்டாம். சட்டப்படியான வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், உரிமை யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து இடத்தைத் திரும்பப் பெற, குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. அதற்குமேல் குற்ற வழக்கும் சேரும். காவல் நிலையத்தில் எல்லை தீராது. உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை.

தனிமனிதர் எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்று சொல்லி அரசு நழுவிவிட நாம் விடக் கூடாது. கிரயப் பத்திரம் ஒன்றுக்கு 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் வாங்குகிறது தமிழ்நாடு அரசு. 60 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அவ்வளவு வாங்கிக்கொண்டு, விற்கப்படும் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துச் சொல்லாமல் இருப்பது அநீதி. 1802-இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்த இடத்திலிருந்துதான் இந்தியத் துணைக்கண்டத்தையே அளக்கும் பெரும் முக்கோண அளவை புறப்பட்டது. அந்த மண்ணில் இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள கோட்டைத் தெரிந்துகொள்ள ஒருவர் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

கேட்பது பெரிதல்ல. பதிவுக்கு வரும் ஒவ்வொரு மனைக்கும் வீட்டுக்கும், அண்மையில் அளந்த வரைபடம் ஒன்று, நான்கு மூலைகளின் புவி ஆயத்தொலைவுகளோடும் அளக்கும்போது உடனிருந்த அண்டை வீட்டாரின் கையெழுத்தோடும், பத்திரத்தின் பகுதியாக இணைக்கப்பட வேண்டும். அண்டை வீட்டார் ஆட்சேபித்தால் அதையும் அந்த வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். வாங்குபவர் தெரிந்தே வாங்கட்டும். இதற்கு அரசு நில அளவர்கள் போதமாட்டார்கள். ஆகவே உரிமம் பெற்ற தனியார் நில அளவர்களைப் பயிற்சி கொடுத்து, பொறுப்பு வைத்து, தவறினால் உரிமத்தை ரத்து செய்யும் விதியோடு இந்த வேலையில் சேர்க்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் கிடக்கும் லேஅவுட்டுகளைத் தனித்தனியாக உட்பிரிவு செய்து புலப்படத்தில் ஏற்றுவதற்கு, தாலுகாவாரியாகக் காலக்கெடு வைத்த திட்டம் வேண்டும். நகர நிலங்களை ட்ரோன் கொண்டு அளக்கும் ‘நக்‌ஷா’ திட்டத்தை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் 152 நகரங்களில் தொடங்கியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் ட்ரோன் மேலிருந்து எடுப்பது இன்று நிற்கும் சுவரின் படத்தை. பத்திரத்தோடும் பழைய புலப்படத்தோடும் ஒப்பிட்டு, இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்யாமல் அந்தப் படத்தை அப்படியே எல்லையாகப் பதிந்துவிட்டால், தவறி நிற்கும் ஒவ்வொரு சுவருக்கும் அரசு முத்திரை கிடைத்துவிடும். வரைவு வரைபடம் வெளியாகும்போது ஆட்சேபம் சொல்லக் கிடைக்கும் நாட்களை வீட்டுக்காரர்கள் தவறவிடக் கூடாது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, அளப்பதற்கு இணையான வேலையாக நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.